கண்ணாடிக்குள் பலூன், சுவரில் பென்சில் கோடு

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பெறாமகன் ஒரு விஆர் (மெய்நிகர்) கண்ணாடியைக் கொண்டுவந்தான், அதை அயல்வீட்டு அக்கா போட்டுப் பார்த்தார் என்று சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் மூன்று வரி எழுதியிருந்தேன். அந்த மூன்று வரிக்குப் பதினொரு கடிதங்கள் வந்திருக்கின்றன. முழங்கால் வலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோதுகூட இத்தனை வந்ததில்லை. ஒன்றைத் தவிர எல்லாமே புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களும் அவர்களது வீட்டாரும் எழுதியவை. ஆகவே இந்த மாதம் முழுவதும் அதுதான்.

அது என்ன பொருள் என்று கேட்கிறவர்களுக்கு: இரண்டு கண்ணையும் முழுவதுமாக மூடுகிற ஒரு பெட்டி. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் ஓடும். தலையைத் திருப்பினால் படமும் திரும்புவதால், நாம் அந்த இடத்திலேயே நிற்பதாக மூளை நம்பிவிடும். 1968இல் ஐவன் சதர்லாந்து என்ற அமெரிக்கர் செய்த முதல் கருவியைத் தலையால் தாங்க முடியாது என்று கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். இன்றையது ஏறக்குறைய அரைக் கிலோ.

நான் அரசாங்க வைத்தியசாலைகளில் 29 ஆண்டுகள் பிசியோதெரபி பார்த்து ஓய்வுபெற்று, திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். மருந்தைப் பற்றிக் கேட்டவர்களை அவரவர் வைத்தியரிடம் அனுப்பிவிட்டேன். கை, கால், கழுத்து, தாடை பற்றிய கேள்விகளை வைத்துக்கொண்டேன். முதலில் கடிதம், அதன் கீழே என் பதில்.

உம்மாவுக்கு வயது 54. வலது மார்பில் சத்திரசிகிச்சை செய்து, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். மகரகமையில் கதிர்ச்சிகிச்சை முடிந்து ஏழு மாதம். இப்போது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. கொடியில் உடுப்புக் காயப்போடுவதும், உம்மாவுக்குத் தலைத்துணி சுற்றிவிடுவதும் நான்தான். கட்டாரில் இருக்கும் நானா விஆர் கண்ணாடி அனுப்பட்டுமா என்கிறார். (வாசகி, கிண்ணியா)

மகளே, கதிர்ச்சிகிச்சை மேசையில் பெரும்பாலும் கையைத் தலைக்கு மேல் வைத்துத்தான் படுக்கவைப்பார்கள். உம்மாவையும் அப்படிப் படுக்கவைத்திருந்தால் அன்றைக்குக் கை எழும்பியிருக்கிறது. பிறகுதான் பூட்டிக்கொண்டது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கதிர் பட்ட தசையும் தோலும் சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் இறுகிக்கொண்டு வரும். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை நூல் கட்டி இழுத்தாற்போல் தோலுக்கடியில் ஒரு நார் புடைத்துத் தெரியும். இது ஒன்று. மற்றது பயம். நீங்கள் உம்மாவிடம் கேட்கவேண்டியது இதைத்தான்: தூக்கினால் நோகிறதா, அல்லது நோகப்போகிறது என்று தூக்காமலே விட்டுவிட்டாரா?

இந்தப் பயம் எனக்குப் புத்தகத்தில் படித்தது மட்டுமில்லை. 2014இல் எனக்கே இடது பக்கம் சத்திரசிகிச்சை நடந்தது. தையல் பிரியாது, தூக்குங்கள் அம்மா, தூக்குங்கள் என்று எத்தனையோ பேரை விரட்டிய நான், என் கையை மூன்று கிழமை சேலைத் தலைப்புக்குள் ஒளித்து வைத்திருந்தேன். என்னிடம் பயின்ற பிள்ளை ஒருத்திதான் வீட்டுக்கு வந்து, "மிஸ், சுவருக்குப் பக்கத்தில் வாருங்கள்" என்று அதட்டினாள்.

இனி அயல்வீட்டு அக்காவின் கதை. அவருக்கும் கை மேலே எழும்பாமல், சுவரில் நான்கு மாதமாகப் பென்சில் கோடு ஒரே இடத்தில் நின்றது. (சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஏறுவதுபோல் ஏறி, எட்டிய உயரத்தில் கோடு போட்டுத் தேதி எழுதுவது எங்கள் தொழிலின் பழைய வழக்கம்.) பெறாமகன் கண்ணாடியை மாட்டி, மேலே எழும்பிப் போகிற பலூன்களைக் கையால் தட்டி உடைக்கிற ஒரு விளையாட்டைப் போட்டுக்கொடுத்தான். எட்டு நிமிடம். கழற்றியதும் அக்கா கேட்டார்: "என் கை எதுவரைக்கும் போனது, பார்த்தனீங்களா?" அவருக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் கோடு இரண்டு விரலளவு ஏறியிருந்தது. மூன்றாம் நாள் பலூனுக்கு வீசிய கை சுவரில் தொங்கிய பிள்ளையார் படத்தில் பட்டு, படத்தின் கண்ணாடி நொறுங்கியது. பெறாமகன் சிரித்தான், அக்கா விளக்கேற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஆட்டத்துக்கு வந்தார்.

ஒரு அக்காவை வைத்து ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். துருக்கியில் மார்பகச் சத்திரசிகிச்சை செய்த 40 பெண்களை எடுத்து, ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான பிசியோதெரபியும் மறுபாதிக்கு எக்ஸ்பொக்ஸ் கினெக்ட் விளையாட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. கினெக்ட் என்பது தலையில் மாட்டுவதில்லை. தொலைக்காட்சிக்கு முன் நின்று ஆட, உடலின் அசைவைக் கமெரா படிக்கும். இரண்டு பக்கத்திலும் நோவு குறைந்தது, தோள் எழும்பியது, பலம் கூடியது. ஆனால் அசைப்பதற்கான பயம் விளையாடியவர்களுக்குத்தான் அதிகம் குறைந்தது. அன்றாட வேலையைச் செய்கிற திறனோ வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்குத்தான் அதிகம் கூடியது. நான் இதை இரண்டு மூன்று தடவை படித்தேன். என் 29 ஆண்டு அனுபவம் அப்படியே இதில் இருக்கிறது. ஆகவே உம்மாவுக்குச் சொல்வது: பூட்டைத் திறக்கக் கண்ணாடி, கதவைத் திறந்தபடி வைத்திருக்கச் சுவர். முதலில் கதிரையில் இருந்துகொண்டு பத்து நிமிடம் பலூன். கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு, சுவரில் விரல் ஏற்றம். கோடு போட மறக்கவேண்டாம். தொடங்குமுன் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் தோளைக் காட்டிவிடுங்கள்.

கடிதத்தின் கடைசியில் இரண்டு விடயம் எழுதியிருந்தீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக் கூட்டிப்போய்க் கையில் ஊற்றினால் இளகும் என்று மாமி சொல்கிறாராம். வேண்டாம். கணுக்கள் எடுத்த கையில் நிணநீர் வடிகிற வழி குறைவு. சூடு அந்தக் கைக்குள் நீரை இன்னும் இழுத்துவிடும். ஏழு கிணற்றில் எது சூடு குறைந்தது என்று தேடவும் வேண்டாம், மற்றக் கையால் அள்ளிக் காலில் ஊற்றிக்கொண்டு வரட்டும். அடுத்தது, கை வீங்கும் என்று கேத்திலைக்கூடத் தூக்க விடுவதில்லை என்கிறீர்கள். முன்பு நாங்களும் அப்படித்தான் சொல்லி அனுப்பினோம். 2009இல் அமெரிக்காவில், ஏற்கனவே கை வீங்கிய 141 பெண்களைக் கொண்ட ஓர் ஆய்வு எங்கள் வாயை மூடவைத்தது. அதில் ஒரு பாதிப்பேரைக் கிழமைக்கு இரண்டு தடவை, அழுத்த உறை போட்டுக்கொண்டு, சிறிதிலிருந்து மெல்ல மெல்லப் பாரம் தூக்கவைத்தார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று வீங்கி மோசமாவது குறைந்தது. ஆகவே கேத்தில் தூக்கட்டும். நிறைகுடத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மட்டும் அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இவருக்குக் கீமோ ஏற்றுவதற்காக மட்டக்களப்புக்குக் கூட்டிப்போகிறேன். கதிரையில் மணிக்கணக்கில் இருக்கவேண்டும். ஊசி குத்துமுன்பே முகம் மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் கண்ணாடி போடலாமா? (வாசகி, நிலாவெளி)

போடலாம் தங்கச்சி, தாதியிடம் முதலில் கேட்டுவிட்டு. ஊசி குத்திய கையை அசைக்கிற விளையாட்டு வேண்டாம். பார்க்கிறது மட்டும் போதும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷ்னைடர் என்ற தாதியியல் ஆய்வாளர் கீமோ ஏறும்போது நோயாளிகளுக்கு இந்தக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தவர். 2007இல் வெளியான அவரது ஆய்வில் 123 பேர். கண்ணாடி போட்டிருந்தபோது உண்மையில் ஆன நேரத்தைவிடக் குறைந்த நேரமே ஆனதாக அவர்களுக்குத் தோன்றியது. நூற்றுக்கு 82 பேர் மறுபடியும் போடத் தயார் என்றார்கள். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் வருகிற ஓங்காளிப்பும் களைப்பும் இதனால் குறையவில்லை. நேரம் சுருங்கும், மருந்தின் வேலை சுருங்காது. சியாட்டிலில் தீக்காயக்காரருக்குக் கட்டு மாற்றும்போது பனி உலகம் ஒன்றைக் காட்டி நோவைக் குறைத்த ஹண்டர் ஹொஃப்மன் குழுவினர் நம்பியதும் இதையே: மூளையின் கவனம் அளவானது, அதைப் பனியில் செலவழித்துவிட்டால் நோவைக் கவனிக்க மிச்சம் குறைவு.

ஒரே ஒரு கண்டிப்பு. கீமோவில் இருப்பவருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்து கிருமி எளிதில் தொற்றுகிற நாட்கள் உண்டு. ஊரெல்லாம் போட்டு வியர்த்த கண்ணாடியை அவரது முகத்தில் வைக்காதீர்கள். முகம் படுகிற பகுதியைத் துடைத்து, இவருக்கென்று ஒரு துணி உறை வைத்திருங்கள். கண்ணாடி கிடைக்காவிட்டால் காதில் மாட்டுகிற ஒலிவாங்கி, சீ, ஹெட்போன் (இந்தச் சொல் எனக்கு எப்போதும் மாறும்) போட்டுப் பழைய பாட்டுக் கேட்கட்டும். அதற்கும் பயன் உண்டு.

வாய்ப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கதிரும் முடிந்து ஒரு வருடம். வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கிறதில்லை. மகன் ஏதோ விஆர் பயிற்சி இருக்கிறது என்கிறான். (ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பலகாமம்)

சேர், மகனிடம் ஐஸ்கிறீம் குச்சி ஒரு கட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.

குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்து மெல்ல இழுபட விடுங்கள். இந்தக் கிழமை எட்டுக் குச்சி போனால் அடுத்த கிழமை ஒன்பதாவதை மெதுவாக நுழைத்துப் பாருங்கள். நாளுக்குப் பல தடவை, சிறிது சிறிது நேரம். 35 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் தாடை இறுகியிருக்கிறது என்று கணக்கு. உங்கள் மூன்று விரலும் நிமிர்ந்து நுழைந்தால் நிம்மதி. தாடையை இழுக்கிற வேலையை எந்தக் கண்ணாடியும் செய்யாது. பல் ஆடினாலோ தாடை எலும்பில் நோவு இருந்தாலோ குச்சியைத் தொடாமல் வைத்தியரிடம் போங்கள்.

கழுத்தில் கணுக்கள் எடுத்ததால் தோள் சரிந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு விளையாட்டு உதவலாம், ஆனால் உங்கள் கழுத்தில் அரைக் கிலோவை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். தொலைக்காட்சியைப் பார்த்து ஆடுகிற வகை நல்லது. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலைத் தட்டம் இன்னும் வீட்டில் இருக்கிறதா, சேர்? நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன்.

எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வயது 23. இல்லாத பாதம் இரவில் முறுக்கி வலிக்கிறது. வீட்டில் சொன்னால் மனப்பிரமை என்கிறார்கள். விஆரில் இதற்கு வைத்தியம் உண்டு என்று படித்தேன். (வாசகர், மூதூர்)

தம்பி, பிரமை என்று சொன்னவர்களை இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கால் போய்விட்டது, காலுக்கென்று மூளையில் இருந்த இடம் போகவில்லை. யுத்த காலத்தில் எங்கள் வார்ட்டில் இதே முறுக்கலைச் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர். அப்போது எங்களுக்குத் தெரிந்தது தடவிக்கொடுப்பதும் மாத்திரையும்தான்.

தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரண முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்து இதற்கு வழி கண்டார். இரண்டு காலுக்கும் நடுவே நீளக் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற காலின் பிம்பத்தைப் பாருங்கள். போன கால் திரும்பி வந்து நிற்பதுபோல் தெரியும். இருக்கிற பாதத்தை மடக்கி நிமிர்த்தும்போது, இல்லாத பாதத்தையும் அப்படியே செய்வதாக நினையுங்கள். முறுக்கி நிற்கிற பாதம் மெல்ல அவிழும். அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றில் கால் இழந்தவர்களிடம் இதைச் செய்து 2007இல் எழுதினார்கள்: நாளுக்கு 15 நிமிடம், நான்கு கிழமை, நோவு குறைந்தது. விஆர் செய்வதும் இதே வித்தைதான். கண்ணாடிக்குப் பதில் கணினி காலை வரைந்து காட்டுகிறது. ஓடவும் பந்து உதைக்கவும் விடும் என்பது அதன் மேலதிகம்.

அலுமாரிக் கதவுக் கண்ணாடி ஒன்றைக் கழற்றி விளிம்புக்கு நாடா ஒட்டி இன்றிரவே தொடங்கலாம். முதல் தடவை அழுகை வரக்கூடும், தனியாக இருக்கவேண்டாம். நோவு புதிதாக மாறினாலோ எஞ்சிய காலில் வீக்கம் கண்டாலோ கிளினிக்கில் உடனே காட்டுங்கள். செயற்கைக் கால் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இந்த வேலையைச் செய்கிறது, உங்கள் வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு விசாரியுங்கள்.

கீமோவுக்குப் பிறகு இரண்டு பாதமும் பஞ்சில் மிதிப்பதுபோல் இருக்கிறது. வெளியே போகப் பயம். பேத்தி கண்ணாடியை மாட்டிவிட்டு, வீட்டுக்குள்ளேயே சுவிஸ் மலையில் நடக்கலாம் அம்மம்மா என்கிறாள். (61 வயது வாசகி, திருகோணமலை நகரம்)

அக்கா, நின்றுகொண்டு மட்டும் போடவேண்டாம். பாதம் சொல்வது கேட்காதபோது உங்களை விழாமல் வைத்திருப்பது கண். அந்தக் கண்ணையும் மூடிவிட்டால் உங்களைப் பிடிக்க ஒன்றுமில்லை. கைபிடியுள்ள கதிரையில் இருந்து சுவிஸ் மலையைப் பார்த்துவிட்டு, பிறகு குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள்.

நடைக்கு நம்மூர் போதும். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள் கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 30 நிமிடம் மிதமாக நடந்தாலே களைப்புக் குறையும் என்று 2019இல் உலக நிபுணர்கள் கூடி எழுதிவைத்தார்கள். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு டச்சுக் குடாக் கரைத் தெருவிலோ கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டோ, மூடிய சப்பாத்துடன், பேத்தியின் கையைப் பிடித்துப் போங்கள். கோணேசர் கோயிலுக்கு நண்பகல் பூசைக்குப் போகவேண்டாம். வெறுங்காலில் அந்தக் கல் கொதிக்கும்; உங்கள் பாதத்துக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளமாக இருக்கும். காலைப் பூசைக்கும் சுவாமி இருப்பார்.

போட்டு ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி வாந்தி வரப் பார்த்தது. நோய் திரும்பிவிட்டதா? (வாசகர், உப்புவெளி)

இல்லை. எனக்கும் அதே கதைதான், ஒரு காலத்தில் மூதூர் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடக்கும்போது வந்த அதே குமட்டல். லோஞ்சில் காது ஆடுகிறோம் என்கிறது, கண் இல்லை என்கிறது. கண்ணாடிக்குள் அது தலைகீழ். காட்சி நகராமல், நீங்கள் மட்டும் கையை அசைக்கிற விளையாட்டாகப் பார்த்து மூன்று நிமிடத்தில் தொடங்குங்கள். ஆனால் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் தலைவலியும் வாந்தியும் நாட்கணக்கில் நின்றால் வைத்தியரிடம் போங்கள். வலிப்பு உள்ளவர்களும், நோய் மூளைக்கோ எலும்புக்கோ பரவியவர்களும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

நாங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாக மாணவர்கள் நால்வர். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்குத் தமிழில் ஒரு விஆர் பயிற்சி உருவாக்க விரும்புகிறோம். என்ன வேண்டும் என்று சொல்லுவீர்களா?

பிள்ளைகளே, பதினொரு கடிதத்தில் உங்களுடையதைத்தான் கடைசிக்கு வைத்தேன், இடம் மிஞ்சும் என்று. மிஞ்சவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பலூன் வேண்டாம். பலூன் வெளிநாட்டுக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்கு. எங்கள் பெண்களுக்குத் தோள் எதற்கு வேண்டும் என்று பாருங்கள்: கொடியில் உடுப்புப் போட, கிணற்றில் வாளி இழுக்க, தலை பின்ன, மேல் தட்டிலிருந்து மாப்பேணி எடுக்க. மீனவக் குடும்பத்தவருக்குக் கரைவலை. வலை இழுக்கிற அந்த இரண்டு கை மாறி மாறி வருகிற இழுவையைவிட நல்ல தோள் பயிற்சியை நான் எந்தப் பாடநூலிலும் காணவில்லை. "ஏலேலோ" சத்தமும் வைத்தால் தாளத்துக்கு எண்ணத் தேவையில்லை. கொடியின் உயரத்தை ஒவ்வொரு கிழமையும் நோயாளிக்குத் தெரியாமல் ஒரு விரல் உயர்த்துங்கள். எவ்வளவு எழும்பியது என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டுக்கு மட்டும் காட்டுங்கள். புள்ளி போட்டு ஒருவரோடு ஒருவரை ஒப்பிடவேண்டாம். முதல் கீமோவில் இருப்பவரும் ஆறு மாதம் கடந்தவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருப்பார்கள்.

குரல் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். பேசுகிறவர் வானொலி அறிவிப்பாளர் போலப் பேசாமல், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும், இறக்குங்க" என்று பேசட்டும். மின்சாரம் போனாலும் ஆட்டம் நடுவில் அறுந்துபோகாமல் இருக்கவேண்டும். இணையம் இல்லாமலும் ஓடவேண்டும். அத்தனையும் கதிரையில் இருந்தபடி செய்யக்கூடியதாக இருக்கவேண்டும், நின்றால் பிள்ளையார் படம் விழும்.

ஒரு வரியைக்கூட எழுதத் தொடங்குமுன், நான் தொண்டராகப் போகிற கிளினிக்குக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள். காலை எட்டரைக்கு. மதியம் வரை ஒன்றும் பேசாமல் மூலையில் இருந்து, அவர்கள் சட்டைப் பொத்தானை எப்படிப் போடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். வரும்போது ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவாருங்கள். அங்கே இருப்பது நோயாளிகளுக்கே போதாது.